சைல்ட், டீனேஜர், யூத்: ஆங்கில அறிக்கையில் இளவயதினரை எப்படிக் குறிப்பிடுவது

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கள உத்தியோகத்தராகச் சேருகிறவர்களுக்கு முதல் மாதமே ஆங்கில அறிக்கை எழுதும் வேலை வந்துவிடும். கூட்டம் தமிழில் நடந்திருக்கும். 'இளைஞர் யுவதிகள் கலந்துகொண்டனர்' என்று தமிழில் ஒரு வரியில் முடிகிற விஷயம் அது. ஆங்கிலத்தில் அதே வரியை எழுத உட்கார்ந்தால் சைல்ட், கிட், டீனேஜர், அடலசன்ட், யூத், யங் பேர்சன், மைனர், ஜுவனைல் என்று ஒரு பட்டியலே முன்னால் வந்து நிற்கும். ஆங்கில-தமிழ் அகராதியைத் திறந்தால் சிறுவர், இளைஞர் என்ற இரண்டையே மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். உதவாது.

வயதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. யார் வாசிக்கப்போகிற தாள் என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றப் பாதியும் முடியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் கீழே உள்ள ஒழுங்கிலேயே யோசித்துப் பழகலாம்.

முதலில் எண், பிறகு சொல்

வரவுப் பதிவில் வயது என்று ஒரு நிரல் இருக்க வேண்டும். அது இல்லாமல் சொல்லைத் தேடாதீர்கள். ஒரே ஆளுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பெயர் இருப்பதுதான் காரணம்.

1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் பொதுவாக 18 வயதுக்குக் குறைந்த எவரும் சைல்ட். இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்துக்கு 10 முதல் 19 வரை அடலசன்ட். ஐ.நா. புள்ளிவிபரங்களில் 15 முதல் 24 வரை யூத். இலங்கையின் 2014ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கையோ 15 முதல் 29 வரை யூத் என்கிறது. 2015இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2250ஆம் இலக்கத் தீர்மானத்தில் அதே யூத் 18இல் தொடங்கி 29இல் முடிகிறது. சமாதானம், நல்லிணக்கம் தொடர்பான திட்டங்களில் இந்தக் கடைசிக் கணக்கை அடிக்கடி காண்பீர்கள்.

இப்போது ஏறாவூரில் நடந்த ஒரு பயிற்சிக்கு 17 வயதுப் பிள்ளை ஒன்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளை சைல்ட், அடலசன்ட், டீனேஜர் மூன்றும்தான். இலங்கைக் கொள்கைப்படி யூத்தும் கூட. ஆனால் 2250 தீர்மானத்தின் கீழ் நடக்கும் திட்டமென்றால் யூத் என்ற எண்ணிக்கையில் சேராது. அதே அறையில் இருந்த 27 வயதுக்காரர் நமக்கு யூத், ஐ.நா. புள்ளிவிபரத்துக்கு வெறும் அடல்ட். ஆகவே நிதி தருகிற நிறுவனத்தின் படிவத்தில் சொல் விளக்கம் என்று ஒரு பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதையே பின்பற்றுங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். இல்லாவிட்டால் 'யங் பீப்பிள்' என்று எழுதி, அதோடு 'ஏஜ்டு 15 டு 29' என்று எண்ணைப் போட்டுவிடுங்கள். எண் இருக்கிற வரியைப் பற்றி யாரும் சந்தேகம் கேட்பதில்லை.

வயதுக்கொரு பெயர் வைப்பது நமக்கும் புதிதில்லை. செய்யுள் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பெண்ணின் வயதைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழாகப் பிரித்து, பேதைக்கு ஐந்து முதல் ஏழு என்று வயதும் சொல்லிவைத்தன. அந்தப் பிரிவுகள் இன்று எந்தப் பிரதேச செயலகப் படிவத்திலும் இல்லை. ஆங்கிலப் பிரிவுகள் படிவத்தில் இருப்பதால்தான் இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது.

அடுத்து, சட்டம் சம்பந்தப்பட்டதா?

பாதுகாப்பு, பொலிஸ், நீதிமன்றம், வேலைக்கமர்த்தல், பாலியல் துன்புறுத்தல் என்று எது வந்தாலும் 18க்குக் கீழே உள்ளவர் சைல்ட்தான். மீசை முளைத்த 17 வயதுப் பையனைச் சைல்ட் என்று எழுதக் கை வராது. ஆனாலும் எழுத வேண்டும். அந்த வயதுக்காரி ஒருத்திக்குக் கல்யாணமாகி இடுப்பில் கைக்குழந்தை இருந்தாலும் பாதுகாப்பு அறிக்கையில் அவள் சைல்ட்தான். அதை 'யங் வுமன்' என்று மாற்றினால், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்குப் போகவேண்டிய விடயம் வேறு கோப்பில் போய்த் தூங்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசிச் சேவையும் இந்த வயதினருக்கானதுதான். முகத்துக்கு நேரே அவர்களைச் சைல்ட் என்று கூப்பிடத் தேவையில்லை. அது தாளுக்குரிய சொல்.

மைனரும் 18க்குக் கீழே உள்ளவர்தான். இலங்கையில் பராய வயது, அதாவது சட்டப்படி வளர்ந்தவராகக் கொள்ளப்படும் வயது, முன்பு 21 ஆக இருந்து, 1989ஆம் ஆண்டுச் சட்டத்தால் 18 ஆனது. பிறகு ஏன் இரண்டு சொல்? ஒப்பந்தம், காணி உறுதி, கடவுச்சீட்டு, சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் என்று 'இவர் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது' என்பது முக்கியமாகும் இடத்தில் மைனர். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்பது முக்கியமாகும் இடத்தில் சைல்ட். பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தில் மைனர் என்று எழுதுவது பொருத்தம். சிறுவர் விளையாட்டுவிழா அறிக்கையில் எழுதினால் பிள்ளைகளை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போன மாதிரி இருக்கும். இன்னொன்று: தமிழில் மைனர் என்றால் கழுத்தில் சங்கிலியும் வாயில் வெற்றிலையுமாகத் திரியும் ஊதாரி. ஆங்கிலத்தில் அந்த வாசனை கொஞ்சமும் கிடையாது. வயது வராத ஜமீன் வாரிசுகளிடமிருந்து நமக்கு வந்த பொருள் அது.

ஜுவனைல் என்ற சொல்லை முடிந்தவரை தொடாதீர்கள். ஜுவனைல் கோர்ட், ஜுவனைல் ஜஸ்டிஸ் என்று அமைப்பின் பெயராக வரும்போது எழுதலாம். ஒரு பிள்ளையைப் பார்த்து ஜுவனைல் என்று எழுதினால் குற்றம் செய்தவர் என்ற நிழல் கூடவே வரும். ஐ.நா. முகவரகங்கள் இப்போது 'சில்ட்ரன் இன் கொன்ஃப்ளிக்ட் வித் த லோ' என்று எழுதுகின்றன. நீளம்தான், ஆனால் தீர்ப்பு சொல்லாத நீளம். பெயரடையாக வந்தால் இன்னும் மோசம். ஒருவரின் பேச்சை ஜுவனைல் என்றால் சின்னத்தனமானது என்று அர்த்தம்.

மட்டக்களப்பு வாவி மீன்களைப் பற்றி எழுதுகிறவருக்கு இது பொருந்தாது. முதிராத மீனுக்கு ஜுவனைல் சரியான சொல். அம்பாறைப் பக்கம் யானைக் கணக்கெடுப்பிலும் கன்றுக்குக் காஃப், அதற்கு மேல் ஜுவனைல், பிறகு சப்-அடல்ட், அடல்ட் என்று ஓர் ஒழுங்கு உண்டு. 'யங் வன்ஸ்' என்பதும் பெரும்பாலும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும்தான். பாலர் பாடசாலை அறிக்கையில் அதைப் பார்க்கும்போது சிரிப்பு வரும்.

யங் பேர்சன் என்ற சாதாரணச் சொல்லுக்கும் சட்டத்தில் தனி முகம் உண்டு. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தபோது 14க்குக் கீழே சைல்ட், 14 முதல் 16 வரை யங் பேர்சன் என்று பிரித்தது. வேலைக்கமர்த்தல் சட்டத்தின் பெயரிலும் இந்தச் சொல் இருக்கிறது. வேலைக்கான ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டதும் அந்தச் சட்டத் திருத்தத்தில்தான். அதனால் பழைய வழக்குக் கோப்புகளையோ தொழில் திணைக்களக் கடிதங்களையோ மேற்கோள் காட்டும்போது அங்குள்ள யங் பேர்சனைப் பொதுப் பேச்சுச் சொல்லாக எடுத்துவிடக் கூடாது. அந்தச் சட்டம் என்ன வயது சொல்கிறது என்று பார்த்து அதையும் எழுதுங்கள்.

யூத்: இலக்கணம் இடறும் இடம்

புதியவர்களின் அறிக்கைகளில் அதிகம் சிவப்பு மை வாங்குகிற சொல் இது. கூட்டுப் பெயராக 'த யூத் ஒஃப் பட்டிக்கலோவா' என்றால் மட்டக்களப்பின் இளந்தலைமுறை முழுவதும், ஆணும் பெண்ணும். இன்னொரு சொல்லின் முன்னால் ஒட்டி யூத் கிளப், யூத் பொலிசி, யூத் அன்எம்ப்ளொய்மென்ட் என்று வந்தாலும் சிக்கல் இல்லை. 'இன் மை யூத்' என்றால் என் இளமைக் காலத்தில்.

'எ யூத்' என்று ஒருமையாக்கும்போதுதான் நிறம் மாறுகிறது. அது பெரும்பாலும் ஆணை, அதுவும் பத்திரிகையின் குற்றச் செய்தியில் வரும் பையனைக் காட்டும். 'யூத்ஸ்' என்ற பன்மைக்கும் அதே வாடை உண்டு. வாழைச்சேனையில் தையல் பயிற்சி முடித்த பெண்கள் பன்னிரண்டு பேரை 'டுவெல்வ் யூத்ஸ்' என்று எழுதினால், வாசிக்கிற வெளிநாட்டுக்காரர் மனதில் தெருமுனையில் நிற்கும் பையன்கள்தான் வருவார்கள். 'டுவெல்வ் யங் விமென்' என்று எழுதுங்கள். இரு பாலாரும் கலந்திருந்தால் 'யங் பீப்பிள்'. ஒருவரைச் சொல்ல 'எ யங் மேன்', 'எ யங் வுமன்', பால் தேவையில்லையென்றால் 'எ யங் பேர்சன்'.

'இளைஞர் யுவதிகள்' என்ற நம் இணைச்சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு போய் 'யூத்ஸ் அண்ட் கேர்ள்ஸ்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் பெண்கள் யூத் இல்லை என்றாகிவிடும். யங் பீப்பிள் என்ற ஒரே தொடரில் இரண்டு பேரும் அடக்கம். ஆண், பெண் எண்ணிக்கை வேண்டுமென்றால் அட்டவணையில் பிரித்துக் காட்டலாம்.

இதோடு சேர்ந்து வருபவை 'போய்', 'கேர்ள்' என்ற ஆங்கிலச் சொற்கள். நம் ஊரில் கல்யாணமாகாத 25 வயதுப் பெண்ணும் குமர்ப்பிள்ளைதான், இருபத்தெட்டு வயது இளந்தாரியும் தாய்க்குப் பொடியன்தான். வீட்டுப் பேச்சில் அது பாசம். ஆங்கிலத் தாளில் 18 தாண்டிய பெண்ணைக் கேர்ள் என்றால் அவளைக் குறைத்துப் பேசியதாக எடுப்பார்கள். கல்யாணம் ஆனதா ஆகவில்லையா என்பதற்கும் வுமன் என்ற சொல்லுக்கும் தொடர்பில்லை. 'த போய்ஸ்' என்பதில் இன்னும் கவனம் தேவை. எண்பதுகளில் இலங்கை ஆங்கிலப் பேச்சிலும் எழுத்திலும் அது ஆயுதம் ஏந்திய இயக்கப் பொடியன்களைக் குறித்தது. இன்றைக்கும் அந்தக் காலத்தைப் பற்றிய அறிக்கைக்குள் 'த போய்ஸ் ஒஃப் த வில்லேஜ்' என்று கிரிக்கெட் அணியைக் குறித்தால் வயது போனவர்கள் வேறு மாதிரி வாசிப்பார்கள்.

பேச்சுக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று

கிட் பேச்சுக்குரியது. அறுகம்பையில் அலைச்சறுக்குப் பழக்குகிறவர் 'கிட்ஸ் லெசன்' என்று பலகை வைக்கலாம். வைக்கவும் வேண்டும், 'சில்ட்ரன்ஸ் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். அமைச்சுக்கு எழுதும் கடிதத்தில் கிட்ஸ் வரக்கூடாது. அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் ஆட்டுக்குட்டி. கால்நடை அபிவிருத்தித் திட்டத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கள் அறிக்கையில் 'கிட்ஸ்' எண்ணிக்கை எதைக் குறிக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

டீனேஜர் என்பது தேர்டீன் முதல் நைன்டீன் வரை, அந்த டீன் ஒலியிலேயே கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்காரர் டீனேஜர் இல்லை, இருபதும் இல்லை. கிட்டைவிடக் கொஞ்சம் மரியாதையான பேச்சுச் சொல், பத்திரிகைக்கும் ஏற்றது. அதே வயதினரை வைத்தியரும் தாதியும் அடலசன்ட் என்பார்கள். இரத்தச்சோகை, போசாக்கு, மனநலம் என்று எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குப் போகிற எதிலும் அடலசன்ட் பொருத்தம். அடல்ட்டும் அடலசன்டும் ஒரே இலத்தீன் வேரில் வந்தவை. வளர்ந்துகொண்டிருப்பவர் ஒன்று, வளர்ந்து முடிந்தவர் மற்றது. ஆனால் ஒரு பிள்ளையிடமே 'யூ அடலசன்ட்ஸ்' என்று பேசத் தொடங்கினால் அந்தக் கூட்டம் அத்தோடு முடிந்தது.

யங்ஸ்டர் என்பது வயது போனவர் வாய்க்கு அழகு. விளையாட்டுச் செய்தியிலும் வரும். இருபத்து நான்கு வயதில் நீங்களே அதை எழுதினால் ஓய்வுபெற்ற அதிபர் மாதிரி இருக்கும். பையன் என்ற பொருளில் வரும் 'லாட்' பிரித்தானியச் சொல், பாசிக்குடா விருந்தினரிடமிருந்து காதில் விழும், தாளுக்கு வேண்டாம். கைஸ் இப்போது பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது, அதுவும் பேச்சுக்கு மட்டும்.

யங் அடல்ட் ஒரு பொறி. சுகாதார அறிக்கையில் அது 18 தாண்டியவர். புத்தக உலகில் யங் அடல்ட் என்ற தட்டில் இருப்பவை பெரும்பாலும் 12 முதல் 18 வயது வாசகருக்கானவை. கிராம நூலகத்துக்கு நன்கொடைப் புத்தகம் கேட்டு எழுதுகிறவர் 'ஃபோர் யங் அடல்ட்ஸ்' என்று போட்டு, தொழில் வழிகாட்டி நூல்களை எதிர்பார்த்தால் பள்ளிக்கூடக் கதைகள்தான் வந்து சேரும்.

சின்னவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்து 28 நாளுக்குள் நியோனேட், ஒரு வயதுக்குள் இன்ஃபன்ட், நடக்கத் தொடங்கி மூன்று வயது வரை டொட்லர். விமானச் சீட்டில் மட்டும் கணக்கு வேறு: இரண்டு வயதுக்குக் கீழே இன்ஃபன்ட், 12 வயதுக்குக் கீழே சைல்ட், அதற்கு மேல் அடல்ட் கட்டணம்.

பிரிக்க முடியாத சோடிகள்

சில தொடர்கள் ஒட்டிப் பிறந்தவை. சைல்ட் லேபர், சைல்ட் மேரேஜ், இன்ஃபன்ட் மோர்டாலிட்டி, டீனேஜ் பிரெக்னன்சி, அடலசன்ட் ஹெல்த், யூத் அன்எம்ப்ளொய்மென்ட், ஜுவனைல் டிலிங்குவன்சி. மேலே நான் சொன்ன விதிகளை வைத்துக்கொண்டு இவற்றைத் திருத்தப் போகாதீர்கள். 'கிட் லேபர்' என்றால் கேலி. 'டீனேஜ் அன்எம்ப்ளொய்மென்ட்' வேறு ஒரு புள்ளிவிபரம். ஒரு தொடர் சரியா என்று தெரியாவிட்டால் யுனிசெஃப் இலங்கை அறிக்கை ஒன்றைத் திறந்து தேடிப் பாருங்கள். அங்கே எந்தச் சோடி திரும்பத் திரும்ப வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

பெயரடைகளிலும் இதே கதை. சைல்டிஷ் என்றால் திட்டு, சைல்ட்லைக் என்றால் குழந்தையின் கள்ளமில்லாத தன்மையைப் பாராட்டுவது. யங் வயதைச் சொல்கிறது, யூத்ஃபுல் தோற்றத்தையும் உற்சாகத்தையும் சொல்கிறது. அதனால் அறுபது வயது அதிபரை யூத்ஃபுல் என்று வாழ்த்தலாம், இருபது வயதுக்காரரை அப்படிச் சொல்வதில் பொருளில்லை. தம்பியை 'ஸ்மோல் பிரதர்' என்று எழுதுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. யங்கர் பிரதர் என்பதுதான் சரி. 'சின்ன வயதில்' என்பதும் 'இன் மை ஸ்மோல் ஏஜ்' ஆகாது, 'வென் ஐ வொஸ் எ சைல்ட்' என்று எழுதினால் போதும். பழைய காணி உறுதிகளில் 'இஸ்யூ' என்று கண்டால் பிரச்சினை என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அங்கே அதற்குப் பிள்ளைகள், வாரிசுகள் என்று பொருள்.

எழுதி முடித்த பிறகு

அறிக்கையை ஒரு தடவை இந்தச் சொற்களுக்காக மட்டும் வாசியுங்கள். ஒரே கூட்டத்தினரை முதல் பந்தியில் யூத், இரண்டாவதில் டீனேஜர்ஸ், மூன்றாவதில் சில்ட்ரன் என்று எழுதியிருப்பீர்கள். பள்ளியில் கட்டுரை எழுதும்போது சொல் திரும்ப வரக்கூடாது என்று பழக்கிவிட்டார்கள், அந்தப் பழக்கம். அறிக்கையில் அது மூன்று வேறு கூட்டத்தினர் வந்ததாகக் காட்டும். ஒரு சொல்லை எடுத்தால் கடைசி வரை அதுவே. 18க்குக் கீழும் மேலும் கலந்திருந்தால் மட்டும் 'சில்ட்ரன் அண்ட் யங் பீப்பிள்' என்று இரண்டாக வைத்து, எது எந்த வயது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

வயதைக் கணக்கிடும் நாளும் முக்கியம். நிகழ்வு நடந்த நாளில் 17 ஆக இருந்து, அறிக்கை எழுதும்போது 18 ஆகியிருந்தால், பாதுகாப்பு விடயங்களில் நிகழ்வு நாளின் வயதுதான் கணக்கு. 'வொஸ் 17 அட் த டைம்' என்று எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாதவர்களையும் சந்திப்பீர்கள். 2004 சுனாமியில் நாவலடியிலிருந்து திருக்கோவில் வரை கடலோர வீடுகளோடு ஆவணங்களும் போயின, எல்லோரும் பிரதி எடுத்து முடித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வயது தெரியாத இடத்தில் நீங்களாக ஒரு சொல்லைத் தேர்ந்து வைக்காமல், 'ரிப்போர்ட்டட் ஏஜ் 17' என்றோ 'பிலீவ்டு டு பி அண்டர் 18' என்றோ எழுதுங்கள். 18க்குக் கீழே இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் சைல்ட் என்றே நடத்துவதுதான் நடைமுறை. அப்படிப்பட்டவரின் பெயரையும் கிராமத்தையும் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, பதிலுக்கு ஓர் இலக்கத்தைப் போட்டு அனுப்புங்கள்.